மினியா, ஸ்மாஸா, டீப் பிளேனா?

கேள்வி: எனக்கு வயது 58. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சர்க்கரைக்காக உணவைக் கட்டுப்படுத்தி ஒன்றரை ஆண்டில் 13 கிலோ குறைத்தேன். உடம்பு லேசாகிவிட்டது, முகம் தொய்ந்துவிட்டது. வாயோரத்திலிருந்து தாடைக்குக் கீழே சதை பை போலத் தொங்குகிறது. கழுத்தில் இரண்டு கயிறுகள் போல நிற்கின்றன. மகளுக்குத் தை மாதம் கல்யாணம். தொங்கும் முகத்தைத் தூக்கித் தைக்கும் ஃபேஸ்லிஃப்ட் அறுவைக்காக மூன்று டாக்டர்களைப் பார்த்தேன். ஒருவர் மினி லிஃப்ட் போதும், காலையில் வந்தால் மாலையில் வீட்டுக்குப் போகலாம் என்றார். அடுத்தவர் ஸ்மாஸ் லிஃப்ட் செய்ய வேண்டும் என்றார். மூன்றாமவர், இன்று உலகம் முழுவதும் டீப் பிளேன்தான், மற்றதெல்லாம் பழைய கதை என்றார். கட்டணம் ஒன்றைவிட ஒன்று இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. எது நல்லது? எத்தனை ஆண்டு தாங்கும்? தழும்பு தெரியுமா? எனக்கு ரத்த அழுத்த மாத்திரையும் தினம் ஓர் ஆஸ்பிரின் 75-ம் உண்டு. கடைசியாகப் பார்த்த எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 8.2. கனமான தோடு போட்டுக் காது ஓட்டையும் நீண்டுவிட்டது. அதையும் சேர்த்துச் செய்யலாமா? 'இந்த வயதில் இதெல்லாம் எதற்கு' என்று வீட்டில் அவர் சிரிக்கிறார்.
— வாசகி, தஞ்சாவூர்

பதில்:

அன்புள்ள அம்மா,

மூன்று டாக்டர்களும் உங்களிடம் பொய் சொல்லவில்லை. மூவரும் தங்கள் கைக்குப் பழகிய அறுவையின் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் முகத்தில் எது இறங்கியிருக்கிறது, எது வற்றியிருக்கிறது என்று யாராவது சொன்னார்களா என்று கடிதத்தை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். காணோம். அங்கிருந்து தொடங்குகிறேன்.

ஒரு கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கட்டிலில் மல்லாந்து படுங்கள். கண்ணாடியை முகத்துக்கு மேலே பிடித்துப் பாருங்கள். தாடையோரப் பை பெரும்பாலும் மறைந்திருக்கும். நிற்கும்போது கீழே தொங்கிய சதை படுத்ததும் காதுப் பக்கம் சரிந்துவிடுகிறது. ஒரு நல்ல ஃபேஸ்லிஃப்ட் உங்களுக்குத் தரக்கூடியது ஏறக்குறைய இந்த முகத்தைத்தான். இப்போது அதே கண்ணாடியில் எதெல்லாம் மாறவில்லை என்று பாருங்கள். கன்னத்தின் பள்ளம், மேலுதட்டுக்கு மேலே உள்ள சிறு கோடுகள், மங்கு, கண்ணுக்குக் கீழே உள்ள கருமை. இவற்றை மினியும் மாற்றாது, டீப் பிளேனும் மாற்றாது. ஃபேஸ்லிஃப்ட் செய்துகொண்டு ஏமாந்தேன் என்று என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர், அந்த அறுவையால் முடியாத ஒன்றை அதனிடம் எதிர்பார்த்தவர்கள்.

இன்னொரு சோதனை. எழுந்து உட்கார்ந்து, காதுக்கு முன்னால் இரண்டு விரலை வைத்துத் தோலைக் காதுப் பக்கம் இழுங்கள். உதட்டோரம் இழுபடும், கண்ணோரம் இழுபடும். பை மட்டும் பிடிவாதமாகக் கீழேயே இருக்கும். முதல் எழுபது ஆண்டுகால ஃபேஸ்லிஃப்டின் கதை இவ்வளவுதான். 1901-ல் பெர்லினில் ஆய்கன் ஹாலண்டர் என்ற அறுவை மருத்துவர், போலந்தின் ஒரு பிரபுக் குடும்பப் பெண் கேட்டுக்கொண்டதற்காகக் காதோரம் தோலை வெட்டி இழுத்துத் தைத்தார். செய்ததை அவர் எழுத்தில் ஒப்புக்கொள்ளவே முப்பது ஆண்டு ஆயிற்று. அழகுக்காகக் கத்தி எடுப்பது அந்தக் காலத்தில் டாக்டர்களுக்கே கூச்சம். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் தோலைத்தான் இழுத்தார்கள். ஆனால் தோல் இழுத்தால் நீளும். சில மாதங்களில் பழைய இடத்துக்கு வந்துவிடும். இழுவை முழுவதும் தையலில் விழுவதால் தழும்பு அகலும், காது மடல் கீழே இழுபட்டுக் கன்னத்தோடு ஒட்டிப்போகும். ஓடும் ரயிலின் வாசலில் நின்று எதிர்க்காற்று வாங்குவது போன்ற முகம் ஒன்றைச் சில பிரபலங்களிடம் பார்த்திருப்பீர்கள். அது தோலை மட்டும் இழுத்ததன் விளைவு.

பட்டு ரவிக்கைக்குத் தையற்காரர் ஏன் லைனிங் கொடுக்கிறார்? இழுவையை லைனிங் தாங்கிக்கொள்ளும், பட்டு கிழியாது. முகத்திலும் அப்படி ஒரு லைனிங் இருக்கிறது. தோலுக்கும் அதன் அடியில் உள்ள கொழுப்புக்கும் கீழே, கழுத்துத் தசையிலிருந்து கன்னம் வரை தொடர்ச்சியாக ஓடும் தசைநார்ப் படலம் அது. ஸ்வீடனில் டோர்ட் ஸ்கூக் அதைத் தோலோடு சேர்த்துத் தூக்கலாம் என்று 1974-ல் காட்டினார். 1976-ல் பாரிஸில் மித்ஸ், பெய்ரோனி என்ற இருவர் அதைத் துல்லியமாக வரைந்து, அதற்கு ஒரு நீண்ட பெயரும் வைத்தார்கள். அந்தப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்துத்தான் ஸ்மாஸ் என்கிறோம். அதன்பிறகு வந்த நல்ல முறைகள் அனைத்திலும் விதி ஒன்றுதான்: இழுவை லைனிங்கில் விழ வேண்டும், தோல் அதன்மேல் சும்மா படிந்திருக்க வேண்டும். உங்கள் மூன்று டாக்டர்களும் சொன்னது, அந்த லைனிங்கை எப்படிக் கையாள்வது என்பதில் மூன்று வழிகள்.

முதலில் மினி. மினி லிஃப்ட் என்று ஒரு அறுவை கிடையாது. வெட்டு சிறியது என்பதைத் தவிர அந்தப் பெயர் வேறெதையும் சொல்வதில்லை. காதோரம் நான்கு விரற்கடை வெட்டித் தோலை மட்டும் இழுத்துவிட்டு மினி என்பவரும் உண்டு, உள்ளே ஒழுங்காக வேலை செய்பவரும் உண்டு. ஒழுங்கான வகைக்கு உதாரணம், பெல்ஜியத்தின் கென்ட் நகரில் டோனார்ட், வெர்பேல் இருவரும் 2000-களின் தொடக்கத்தில் எழுதிய மாக்ஸ் லிஃப்ட். ஜிமிக்கிக்கு மாட்டல் போடுகிறோமே, அதே தத்துவம். ஸ்மாஸை வெட்டித் தூக்குவதில்லை. அதன் வழியாக வலுவான தையல் நூலை வளையமாக ஓட்டி, சுருக்கி, காதுக்கு மேலே நெற்றிப்பொட்டில் உள்ள உறுதியான உறையில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். இழுவை பக்கவாட்டில் போகாமல் மேல்நோக்கிப் போகும். நாற்பதுகளின் கடைசியில், தாடையோரம் லேசாகக் கலைய ஆரம்பித்த, கழுத்து இன்னும் கட்டுக்குலையாத ஒருவருக்கு இது அருமையான அறுவை. உங்களுக்குப் போதாது. காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: கழுத்தில் நிற்கும் அந்த இரண்டு கயிறுகள். அவை நரம்பல்ல, கழுத்துத் தசையின் முன் விளிம்புகள். நடுவில் பிரிந்துபோய் இரண்டு பக்கமும் விறைத்து நிற்கின்றன. காதோரத்தில் என்ன மாட்டல் போட்டாலும் அவை முழுதாக அடங்கா. தாடைக்கு அடியில் ஒரு சிறு வெட்டு வழியாகப் போய் இரண்டு விளிம்புகளையும் நடுவில் சேர்த்துத் தைக்க வேண்டியிருக்கும்.

மாலையில் வீட்டுக்குப் போகலாம் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் லைஃப்ஸ்டைல் லிஃப்ட் என்று ஒரு நிறுவனம் இருந்தது. சிறு வெட்டு, முழு மயக்கம் வேண்டாம், விரைவில் வேலைக்குத் திரும்பலாம் என்று டிவியில் ஓயாமல் விளம்பரம் செய்து நாடு முழுவதும் கிளைகள் திறந்தது. வாடிக்கையாளர்கள் எழுதியது போலத் தன் ஊழியர்களையே இணையத்தில் புகழ்ந்து எழுத வைத்ததற்காக 2009-ல் நியூயார்க் மாநிலத்துக்கு 3 லட்சம் டாலர் கட்டியது. 2015-ல் கடையை மூடியது. அங்கே செய்துகொண்ட எல்லோருக்கும் கெட்டது நடந்தது என்று சொல்ல வரவில்லை. ஓர் அறுவைக்கு டாக்டர்கள் வைத்த பெயருக்கும் விளம்பரக்காரர்கள் வைத்த பெயருக்கும் வித்தியாசம் தெரிந்திருப்பது நல்லது.

இரண்டாவது, ஸ்மாஸ். இதிலும் உட்பிரிவுகள் உண்டு. படலத்தை மடித்துத் தைப்பது ஒன்று. காதுக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு பட்டையை வெட்டியெடுத்து இரண்டு ஓரங்களையும் சேர்ப்பது இன்னொன்று. படலத்தையே ஒரு மடலாகப் பிரித்துத் தூக்கி, புதிய இடத்தில் பொருத்துவது மூன்றாவது. முதலிரண்டில் நரம்பு இருக்கும் ஆழத்துக்குப் போக வேண்டியதில்லை; பத்திரம் கூடுதல், நேரம் குறைவு. கடைசி வகையில் தூக்கும் பலம் கூடும், கவனமும் கூட வேண்டும். தாடையோரமும் கழுத்தும்தான் குறை என்றால் இவற்றில் ஏதேனும் ஒன்று நன்றாகச் செய்யப்பட்டாலே போதும்.

மூன்றாவதுதான் இன்று எல்லோர் வாயிலும் இருக்கும் டீப் பிளேன். உலகம் நேற்றுத்தான் கண்டுபிடித்தது போலப் பேசுகிறார்கள். டாலஸ் நகரத்து சாம் ஹாம்ரா 1990-லேயே இந்தப் பெயரில் கட்டுரை எழுதிவிட்டார். அதற்கு முந்தைய ஆண்டு, கன்னத்தின் தோலை ஆழத்தோடு பிணைத்து வைத்திருக்கும் நார்க் கட்டுகளை ஃபர்னாஸ் என்பவர் விவரித்திருந்தார். கன்ன எலும்பின் மேல் சில, மெல்லும் தசையின் முன் விளிம்பில் சில. ஆணி அடித்த பாயை ஒரு மூலையில் பிடித்து இழுத்தால் என்ன ஆகும்? மூலை வரும், பாய் வராது. டீப் பிளேனில் அந்த ஆணிகளைக் கழற்றுகிறார்கள். தோலைத் தனியாக உரிப்பது குறைவு. படலத்துக்கு அடியில் நுழைந்து, கட்டுகளை விடுவித்து, தோல், கொழுப்பு, படலம் மூன்றையும் ஒரே கனமான அடுக்காக மேலே நகர்த்துகிறார்கள். கன்னத்தின் நடுப்பகுதி இறங்கி, மூக்கோரத்து மடிப்பு ஆழமானவர்களுக்கு இதில் தெளிவான லாபம் உண்டு. தோல் அடுக்கோடு ஒட்டியே இருப்பதால் ரத்த ஓட்டமும் நன்றாக இருக்கும்.

ஆனால் அந்த ஆழத்தில் என்ன இருக்கிறது என்பதை நான் சொல்ல வேண்டும். மெல்லும் தசையின் மேல் வெங்காயச் சருகு போல மெல்லிய ஓர் உறை. அதற்கு உள்ளே, நூல் கனத்தில், வெள்ளையாக, முக நரம்பின் கிளைகள். வெளிச்சம் சரியாக விழுந்தால் உறை வழியாகவே தெரியும். சிரிப்பதும் கண் மூடுவதும் கீழுதட்டை இறக்குவதும் அந்த நூல்களால்தான். பழகிய கைக்கு அந்த உறை ஒரு வழிகாட்டி. பழகாத கைக்கு அந்த இடத்தில் என்ன வேலை என்றே நான் கேட்பேன். தேர்ந்தவர்களிடம், நரம்பு நிரந்தரமாகப் பழுதாவது எந்த முறையிலும் நூற்றில் ஒன்றுக்கும் குறைவுதான். சில வாரமோ சில மாதமோ உதடு ஒரு பக்கம் கோணி, பிறகு சரியாவது அதைவிட அதிகம். ஃபேஸ்லிஃப்டில் அதிகம் அடிபடும் நரம்பு உண்மையில் முகத்தை அசைப்பதே அல்ல, காது மடலுக்கு உணர்ச்சி கொடுப்பது. அது போனால் முகம் கோணாது. தோட்டுக்குத் திருகாணி போடும்போது விரலுக்குத் தெரியும், காதுக்குத் தெரியாது.

எது நல்லது என்ற உங்கள் கேள்விக்கு இப்போது வருகிறேன். எங்கள் துறையிலேயே இதை நேருக்கு நேர் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. 1996-ல் நியூயார்க்கில் 21 பேருக்கு முகத்தின் ஒரு பாதியில் எளிய ஸ்மாஸ் முறையும், மறு பாதியில் அதைவிட ஆழமான, விரிவான முறையும் செய்தார்கள். ஆறு மாதம் கழித்தும் ஓராண்டு கழித்தும் பார்த்தபோது இரண்டு பாதிகளுக்கும் வேறுபாடு கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவில் இன்னொரு விசித்திரமான ஏற்பாடு நடந்தது. அச்சு அசலாக ஒரே முகம் கொண்ட இரட்டையர் இரண்டு ஜோடி, ஆக நான்கு பெண்கள். நால்வருக்கும் நான்கு பெயர்பெற்ற சர்ஜன்கள், ஆளுக்கொரு முறையில் அறுவை செய்தார்கள். அவர்களில் ஹாம்ராவும் ஒருவர். ஓராண்டு, ஆறாண்டு, பத்தாண்டு கழித்துப் படம் எடுத்து 2009-ல் வெளியிட்டார்கள். எங்கள் கூட்டங்களில் அந்தப் படங்களைப் போட்டால் இன்றும் வாக்குவாதம்தான். அக்கா முகம் நன்றாக இருக்கிறது என்று பாதிப் பேர், தங்கை முகம் என்று பாதிப் பேர். டீப் பிளேன் செய்பவர்கள் இதற்குச் சொல்லும் பதிலிலும் நியாயம் உண்டு: அது அன்றைய டீப் பிளேன், இன்று கட்டுகளை இன்னும் முழுமையாக விடுவிக்கிறோம், கழுத்திலும் ஆழமாகப் போகிறோம் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் மற்றதெல்லாம் பழைய கதை என்று ஒருவர் சொன்னால், அது மருத்துவம் இல்லை, வியாபாரம்.

எத்தனை ஆண்டு தாங்கும் என்பதற்கு நேர்மையான பதில், கடிகாரம் நிற்காது, முள்ளைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைக்கிறோம் என்பதுதான். இங்கிலாந்தில் படலத்தை மடித்துத் தைக்கும் எளிய முறையில் செய்துகொண்ட 50 பேரை ஐந்தரை ஆண்டு கழித்து அளந்து பார்த்தார்கள். ஏறக்குறைய நான்கில் மூவர் அப்போதும் அறுவைக்கு முந்தைய தங்கள் படத்தைவிட இளமையாகவே தெரிந்தார்கள். முதலில் தளர்ந்தது கழுத்து. பத்து ஆண்டு வரை பலன் தெரிபவர்களை நானே பார்த்திருக்கிறேன், மூன்றாம் ஆண்டே முணுமுணுத்துக்கொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டாம் வகையினரில் பலர் இடையில் எடை ஏறி இறங்கியவர்கள்.

அதனால்தான் உங்கள் 13 கிலோ எனக்கு முக்கியமாகப் படுகிறது. உங்கள் முகத்தில் சதை இறங்கியது பாதி, வற்றியது பாதி. காற்று இறங்கிய பலூனை இழுத்துக் கட்டினால் வழவழப்பாகும், உருண்டையாகாது. கன்னமும் பொட்டும் பள்ளமாக இருந்தால், உங்கள் வயிற்றிலிருந்தே கொஞ்சம் கொழுப்பை உறிஞ்சியெடுத்துச் சுத்தம் செய்து, அந்த இடங்களில் நுண்ணிய துளிகளாக வைப்பது உண்டு. அதில் ஒரு பகுதி கரைந்துவிடும், மீதி நிற்கும். பள்ளத்தை நிரப்பும் ஃபில்லர் ஊசியை மட்டும் நம்பி, தொங்கும் முகத்தை ஊசியாலேயே தூக்கிவிடப் பார்க்காதீர்கள். முகம் உப்பிப் பொம்மை போல ஆகிவிடும். நூல் போட்டுத் தூக்குவதும் உங்கள் அளவுத் தொய்வுக்கு வீண் செலவு. கரையும் நூல் சில மாதங்களில் கரைந்துவிடுகிறது, பலனும் அதிக நாள் நிற்பதில்லை. எது செய்வதானாலும் எடை ஆறு மாதமாவது ஒரே இடத்தில் நிற்கட்டும்.

நேரில் பார்க்காமல் இவ்வளவுதான் சொல்ல முடியும்: மினி வேண்டாம். ஸ்மாஸ் மடலோ டீப் பிளேனோ, இரண்டில் எதுவானாலும் சரி, கழுத்துத் தசையைச் சேர்த்துத் தைப்பதும் அதோடு இருக்க வேண்டும். இரண்டாம் டாக்டரா மூன்றாம் டாக்டரா என்பதை முறையின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். எம்.சி.எச். அல்லது டி.என்.பி. பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா என்று பாருங்கள். முழு நேர மயக்க மருந்து நிபுணரும், இரவில் டாக்டரும் இருக்கும் மருத்துவமனையில் செய்கிறாரா என்று கேளுங்கள். இந்த ஒரு அறுவையை மாதத்துக்கு எத்தனை முறை செய்கிறார் என்றும் கேளுங்கள். கோபித்துக்கொண்டால் அதுவே பதில். ஓராண்டு கழித்து எடுத்த படங்களைக் காட்டச் சொல்லுங்கள். அதிலும் ஏமாறாதீர்கள்: அறுவைக்கு முந்தைய படத்தில் தலை குனிந்து, விளக்கு மங்கி, முகம் வாடியிருக்கும். பிந்தைய படத்தில் மோவாய் உயர்ந்து, லிப்ஸ்டிக் போட்டு, சிரிப்பும் இருக்கும். மோவாயை உயர்த்தினாலே கழுத்து இறுகும், அதற்கு சர்ஜன் தேவையில்லை. முக்கியமாக, முடியைத் தூக்கிக் கட்டி, காதுக்குப் பின்னால் எடுத்த படம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஏனென்றால் நம் ஊரில் தழும்பு அங்கேதான் காட்டிக்கொடுக்கும். வெட்டு பொட்டு முடிக்குள் தொடங்கி, காதின் முன் மடிப்பு வழியாக இறங்கி, மடலைச் சுற்றிப் பின்னால் போய், பிடரி முடிக்குள் முடியும். வெளிநாட்டுப் பாடநூல்களில் 'முடி மறைத்துவிடும்' என்று எழுதியிருக்கும். அந்த முடி தோளில் விரிந்து கிடக்கும் முடி. எண்ணெய் தடவி, இழுத்துச் சீவி, கொண்டை போட்டுப் பூ வைக்கும் பெண்ணின் காதோரத்தை எதுவும் மறைக்காது. அதனால் டாக்டரைப் பார்க்கப் போகும்போது தினமும் போடும் கொண்டையோடு போங்கள். வெட்டு எங்கே முடிய வேண்டும் என்று அவர் அதைப் பார்த்து வரையட்டும். நம் தோல் சற்றுக் கனமானது. சுருக்கம் தாமதமாக வருவது அதன் வரம், தழும்பு கறுத்துப்போவதும் சிலருக்குத் தடிப்பதும் அதன் சாபம். காது குத்திய இடத்திலோ அம்மை ஊசி போட்ட இடத்திலோ உங்களுக்குக் கட்டி போலத் தழும்பு வளர்ந்ததுண்டா? உண்டென்றால் முதலில் அதைச் சொல்லுங்கள். அறுவைக்குப் பின் ஆறு மாதமாவது தழும்பில் வெயில் படக் கூடாது. அது வெளுத்து அடங்க ஓராண்டு ஆகும்.

இனி, எந்த முறையானாலும் உங்களைக் கவலைப்பட வைக்க வேண்டிய விஷயம். ஃபேஸ்லிஃப்டில் அதிகம் வரும் சிக்கல் ரத்தக்கட்டு. பெண்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு வரும், ஆண்களுக்கு அதைவிட அதிகம். பெரும்பாலும் முதல் இருபத்துநான்கு மணி நேரத்தில். பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் அறுவை செய்துகொண்ட ஒருவர், ஓய்வு பெற்ற பொறியாளர். அறுவை சுத்தமாக முடிந்தது. இரவு பத்து மணிக்கு வாந்தி எடுத்தார், ரத்த அழுத்தம் ஏறியது. ஒரு மணிக்கு நர்ஸ் போன் செய்து, "சார், அவர் வலது பக்கம் இறுக்கமாக இருக்கிறது என்கிறார்" என்றார். போய்ப் பார்த்தபோது ஒரு கன்னம் கத்தரிக்காய் நிறத்தில் உப்பியிருந்தது. இரண்டு மணிக்குத் தியேட்டரில் தையலைப் பிரித்து, கட்டிய ரத்தத்தை எடுத்து, கசிந்த சிறு குழாயைச் சுட்டு மறுபடி தைத்தோம். காலையில் அவர் காபி கேட்டார். விடியட்டும் என்று விட்டிருந்தால் உள்ளிருந்து வந்த அழுத்தத்தில் தோல் செத்துப்போயிருக்கும். மாலையில் வீட்டுக்குப் போகலாம் என்றவரிடம், இரவு ஒரு மணிக்கு நான் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று கேளுங்கள்.

உங்கள் ஆஸ்பிரின் இந்த இடத்தில்தான் வருகிறது. ரத்தம் உறைவதை அது தள்ளிப்போடும். வழக்கமாக ஒரு வாரம் பத்து நாள் முன்பே நிறுத்தச் சொல்வோம். ஆனால் நீங்களாக நிறுத்தக் கூடாது. இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்ததால் கொடுத்ததா, வருமுன் காக்கக் கொடுத்ததா என்று எழுதவில்லை. முன்னதென்றால் அழகுக்காக அதை நிறுத்தும் பேச்சே இதய மருத்துவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும். மீன் எண்ணெய் மாத்திரை, பூண்டு மாத்திரை, சூரணம், லேகியம் எது சாப்பிட்டாலும் அதையும் சொல்லிவிடுங்கள்.

8.2 என்ற எச்.பி.ஏ.1.சி.-யோடு நான் கத்தி எடுக்க மாட்டேன். புண் ஆறுவது தாமதமாகும், சீழ் பிடிக்கும். 7-ஐ ஒட்டி இறங்கட்டும். இன்னொன்று, தஞ்சாவூர் என்பதால் கேட்கிறேன், தவறாக நினைக்காதீர்கள்: வெற்றிலை சீவலோடு புகையிலை போடும் பழக்கம் உண்டா? சிகரெட் பிடிப்பவர்களுக்குக் காதுக்குப் பின்னால் தோல் கறுத்து அழுகும் ஆபத்து 12 மடங்கு என்று 1984-லேயே ஓர் ஆய்வு வந்தது. தோலுக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களைச் சுருக்குவது நிகோடின். அது புகையாக வந்தாலும் பன்னீர்ப் புகையிலையாக வந்தாலும் குழாய்க்குத் தெரியாது. அறுவைக்கு நான்கு வாரம் முன்பும் நான்கு வாரம் பின்பும் அறவே கூடாது. வெறும் வெற்றிலை, சீவல், சுண்ணாம்பில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பல் டாக்டருக்கு இருக்கும்.

கல்யாணத் தேதிக்கு வருவோம். இப்போது ஆடி. சர்க்கரை இறங்கியதா என்று எச்.பி.ஏ.1.சி. காட்டவே மூன்று மாதம் வேண்டும், ஐப்பசி வந்துவிடும். அறுவைக்குப் பின் முதல் வாரத்திலிருந்து தையல் பிரிப்போம், இரண்டு வாரம் வீக்கமும் நீலமும் இருக்கும், மூன்று வாரத்தில் கடைத்தெருவுக்குப் போகலாம். ஆனால் வீடியோ விளக்கு வெளிச்சத்தில் நிற்க மூன்று மாதம் வேண்டும். கன்னம் அதுவரை கொஞ்சம் மரத்தும், சிரிப்பு கொஞ்சம் விறைத்தும் இருக்கும். முகூர்த்தத்தன்று வருகிற பெரியம்மாக்கள் எல்லாம் கன்னத்தை வழித்து நெட்டி முறிப்பார்கள். அந்தக் கன்னத்தில் அது என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதோடு பத்திரிகை கொடுக்க ஊர் ஊராக அலைய வேண்டிய மாதத்தில் இரண்டு தலையணை வைத்து நிமிர்ந்து படுத்திருக்க உங்களால் முடியாது. கல்யாணத்துக்கு முன் வேண்டாம். மாசி, பங்குனியில் செய்துகொள்ளுங்கள்.

செலவைப் பற்றி இரண்டு வரி. மருத்துவக் காப்பீடு இதற்குத் தராது. அழகுக்கான அறுவை என்பதால் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, சொல்லும் தொகை அதையும் மயக்க மருந்து, தியேட்டர், அறை வாடகையையும் சேர்த்ததா, ரத்தக்கட்டு வந்து மறுபடி தியேட்டருக்குப் போனால் யார் கணக்கு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் சிரிப்பதைப் பற்றி நான் கருத்துச் சொல்வதற்கில்லை. 13 கிலோ குறைத்தவருக்குத் தன் முகம் தன் உடம்போடு ஒத்துப்போக வேண்டும் என்று தோன்றுவதில் எனக்கு வியப்பில்லை. அவரையும் ஒருநாள் ஆலோசனைக்கு அழைத்துப் போங்கள். முதல் ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து கன்னம் உப்புகிறதா என்று பார்க்க ஆள் வேண்டும்.

காது ஓட்டையை ஃபேஸ்லிஃப்டோடு சேர்க்க வேண்டாம். அது தனி வேலை, சிறிய வேலை. மடலில் மட்டும் மரக்க ஊசி போட்டு, நீண்ட ஓட்டையின் ஓரங்களைச் சீவித் தைக்க ஒரு காதுக்கு அரை மணி நேரம். சர்க்கரை கொஞ்சம் இறங்கியதும் ஆவணி கடைசியில் செய்துகொண்டால், இரண்டு மூன்று மாதம் கழித்துத் தழும்புக்குச் சற்றுத் தள்ளிப் புதிதாகக் குத்தலாம், தை மாதத்துக்குத் தயாராகிவிடும். கனமான ஜிமிக்கியை முகூர்த்தத்துக்கும் வரவேற்புக்கும் மட்டும் போடுங்கள், மாட்டலோடு. மண்டபத்திலிருந்து வந்ததும் கழற்றிவிடுங்கள்.